மலைச் சைக்கிளும் மணிக்கட்டும்

(எம்.எஸ்ஸி. பௌதிக மாணவன், மட்டாஞ்சேரி)

யானைக்கும் அடி சறுக்கும் என்பது நம் முன்னோர் மொழி. நான்கு கால்களை ஊன்றி நடக்கும் யானைக்கே அந்தக் கதி என்றால், இரண்டு சக்கரங்களின்மேல் அமர்ந்து மலைச் சரிவில் இறங்கும் மனிதனைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

நம் சங்கத்து நண்பர்கள் சிலர் வருகிற விடுமுறையில் மூணாறு சென்று மலைச் சைக்கிள் ஓட்டத் திட்டமிட்டிருக்கிறார்கள். "நீயும் வருகிறாயா?" என்று என்னையும் கேட்டார்கள். நான் உடனே பதில் சொல்லவில்லை. என் வலது மணிக்கட்டில் இருக்கும் சிறு திருகாணி ஒன்றே அதற்குக் காரணம். அந்தத் திருகாணி அங்கே எப்படி வந்தது என்பதைச் சொல்வதோடு, அது வராமல் எப்படித் தடுத்திருக்கலாம் என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன். நண்பர்களைப் போகவிடாமல் தடுப்பது என் நோக்கமன்று. போகிறவர்கள் முழு உடம்போடு திரும்பவேண்டும் என்பதே நோக்கம்.

மலைச் சைக்கிள் என்பது என்ன?

தடித்த, பற்கள் வைத்த டயர். அதிர்ச்சியைத் தாங்கும் சுருள்வில்லோ காற்றறையோ கொண்ட முன் ஃபோர்க். அகன்ற ஹாண்டில் பார். ஏற்றத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளப் பல கியர்கள். சக்கரத்தின் நடுவிலுள்ள வட்டத் தகட்டைப் பற்றி நிறுத்தும் டிஸ்க் பிரேக் - இவையே மலைச் சைக்கிளின் இலக்கணம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மாரின் பகுதி இளைஞர்கள், பழைய கனத்த சைக்கிள்களை மலைக்கு ஏற்றிச் சென்று சரிவில் விட்டு ஓட்டியதிலிருந்து இவ்விளையாட்டு வளர்ந்தது. 1976-ஆம் ஆண்டில் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தூரத்தில் நானூறு மீட்டர் இறக்கம்! பெடலைப் பின்னோக்கி மிதித்தால் நிற்கும் பழைய ரகப் பிரேக்குகள் அந்தச் சரிவில் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகைந்து போய்விடுமாம். ஒவ்வோர் இறக்கத்துக்குப் பிறகும் கிரீஸை மறுபடி அடைக்கவேண்டியிருந்ததால், 'மறுபடி அடைத்தல்' என்ற பொருளில் அப்பெயர் ஏற்பட்டது. இருபதே ஆண்டுகளில், 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில், அவ்விளையாட்டு இடம்பெற்றுவிட்டது. நமக்கு அருகிலேயே, திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியில், 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி நடைபெற்றதையும் பலர் அறிவீர்கள்.

நான் விழுந்த கதை

என் தந்தையார் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் ஏலமும் அடுக்கிய கிடங்கொன்றில் கணக்கெழுதுகிறவர். போடிநாயக்கனூரிலிருந்து நாங்கள் இங்கே குடிவந்தபோது எனக்கு வயது ஐந்து. அப்பாவின் பழைய சைக்கிளில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கொச்சியோ கடலோடு கடலாகக் கிடக்கும் ஊர். மட்டாஞ்சேரிப் பையனுக்கு மேடு என்றால் தோப்பும்படிப் பாலம் ஒன்றுதான். மூட்டை ஏற்றிய வண்டிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் இடையே புகுந்து ஓட்டத் தெரிந்தவனுக்கு மலையும் ஒரு பொருட்டோ என்று எண்ணினேன். அங்கேதான் பிழை தொடங்கியது.

சென்ற ஆண்டு ஜனவரியில் நண்பர்கள் இருவருடன் மூணாறு போனேன். மூவரும் வாடகைக்குச் சைக்கிள் எடுத்தோம். தலைக்கவசத்தை நான் வேண்டாமென்றேன். நண்பர் ஒருவர் வற்புறுத்தி மாட்டிவிட்டார். அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் இறங்கும்போது, ஒரு வளைவுக்கு அப்பால் பாதையின் குறுக்கே நீர் வடிய வெட்டிய வாய்க்கால் ஒன்று திடீரென்று கண்ணில் பட்டது. பதற்றத்தில் இடக்கைப் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். என் அப்பாவின் சைக்கிளில் இடக்கைப் பிரேக் பின் சக்கரத்துக்கு உரியது. நம் நாட்டுச் சைக்கிள்களில் பெரும்பாலும் அதுவே வழக்கம். நான் ஓட்டிய வாடகைச் சைக்கிளிலோ இடக்கை முன் சக்கரத்துக்கு இணைக்கப்பட்டிருந்தது. பல வெளிநாட்டுச் சைக்கிள்களில் அப்படித்தான் இருக்கும். முன் சக்கரம் பூட்டிக்கொண்டது. பின் சக்கரம் ஆகாயத்தைப் பார்த்தது. நான் ஹாண்டில் பாருக்கு மேலாகப் பறந்து, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர் ஓடி வந்தார். "தம்பி, எந்திரிக்காதே. அப்படியே இரு. கழுத்து வலிக்குதா, சொல்லு" என்று தமிழில் அவர் கேட்டபோது எனக்கு வலியே பாதி குறைந்தது போலிருந்தது. என் கையை மார்போடு அணைத்துத் தம் தலைத்துண்டால் தூளிபோலக் கட்டிவிட்டார். முதலுதவிப் பாடம் படித்த யாரும் அதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது.

வேகத்தை உயரமாகப் பாருங்கள்

நிற்க. ஊர் திரும்பிய பின் நான் செய்த முதல் வேலை, விழுந்ததைக் கணக்காகப் போட்டுப் பார்த்தது. பௌதிக மாணவனுக்கு அதுவும் ஒரு மருந்து.

வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்தால், அந்த வேகம் எத்தனை உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம் என்பது கிடைக்கும். மணிக்கு 20 கிலோமீட்டர் என்பது ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேலிருந்து விழுவதற்குச் சமம். 30 கிலோமீட்டர் மூன்றரை மீட்டருக்குச் சமம். 40 கிலோமீட்டர் ஆறு மீட்டருக்கும் மேல், அதாவது இரண்டு மாடி உயரம்! வேகம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்காகிறது. சறுக்கிக்கொண்டே போய் நின்றால் அந்த ஆற்றல் சிறிது சிறிதாகச் செலவாகும். மரத்திலோ பாறையிலோ மோதினால் முழுவதையும் உடம்பே வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டாம் மாடியிலிருந்து குதிக்கச் சொன்னால் மறுக்கும் நாம், சரிவில் 40 கிலோமீட்டர் வேகத்தை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறோம்.

ஏன் தலைகுப்புற விழுகிறோம்?

பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தைத் தரை பின்னோக்கி இழுக்கிறது. நம் புவியீர்ப்பு மையமோ தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலே, முன்னோக்கிச் செல்லும் உந்தத்தோடு இருக்கிறது. ஆகவே முன் சக்கரம் தரையைத் தொடும் புள்ளியைச் சுற்றி, சைக்கிளும் மனிதனும் சேர்ந்து கவிழப் பார்க்கிறார்கள். மையம் எவ்வளவு தாழ்வாகவும், முன் சக்கரத்திலிருந்து எவ்வளவு பின்னாலும் இருக்கிறதோ அவ்வளவுக்குக் கவிழும் ஆபத்து குறையும். சாதாரணமாக அமர்ந்து ஓட்டுகிறவருக்கு இந்தப் பின்தூரம் உயரத்தில் பாதிக்குச் சற்றுக் கூடுதல். அதனால் சமதரையில், புவியீர்ப்பு முடுக்கத்தின் பாதியளவுக்குச் சற்று மேல்வரை வேகத்தைக் குறைக்கலாம்; அதற்கு மேல் முன் பிரேக்கை இறுக்கினால் பின் சக்கரம் எழும்பிவிடும்.

சரிவில் நிலைமை இன்னும் மோசம். அங்கே புவியீர்ப்பே நம்மைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர், தரையில் நல்ல பிடிப்பு இருப்பதாக வைத்துக்கொண்டாலும், கவிழாமல் நிற்கச் சமதரையில் ஆறரை மீட்டர் வேண்டும்; 10 டிகிரிச் சரிவில் ஏறக்குறைய 10 மீட்டர் வேண்டும்; 20 டிகிரிச் சரிவிலோ 20 மீட்டர் வேண்டும். கண் கண்டு கை பிரேக்கைத் தொடுவதற்குள் ஒரு வினாடி கழிந்தால் அதற்கே மேலும் எட்டு மீட்டர். நான் வாய்க்காலைப் பார்த்தபோது அது ஐந்தாறு மீட்டரில் இருந்தது. ஆதலின் நான் விழுந்தது வாய்க்காலில் அன்று. வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்காத இடத்திலேயே விழுந்துவிட்டேன். தரையைத் தொட்டது பிறகு நடந்த செய்தி.

இதிலிருந்து கிடைக்கும் பாடங்கள் தெளிவானவை. இறங்குமுன் சீட்டைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். இறங்கும்போது சீட்டை விட்டு எழுந்து, முழங்கால்களையும் முழங்கைகளையும் மடக்கி, இடுப்பைப் பின்னும் கீழுமாகக் கொண்டுபோக வேண்டும். பெடல்கள் இரண்டும் தரைக்கு இணையாக இருக்கட்டும். இரண்டு பிரேக்குகளையும் மெல்ல, சேர்த்து அழுத்த வேண்டும். வளைவுக்கு உள்ளே அன்று, வளைவுக்கு முன்னரே. சரளைக்கல்லிலும் ஈரமண்ணிலும் முன் சக்கரம் பூட்டிக்கொண்டால், கவிழ்வதற்குப் பதில் பக்கவாட்டில் வழுக்கிச் சாய்த்துவிடும். பயந்து முன் பிரேக்கையே தொடாதிருப்பதும் தவறு. பின் சக்கரத்தில் பாரம் குறைந்துவிடுவதால், பின் பிரேக் மட்டும் சரிவில் போதாது.

பிரேக்கின் சூட்டையும் மறக்கலாகாது. மனிதனும் வண்டியுமாக 80 கிலோ என்று கொள்வோம். ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், இரண்டரை லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். காற்றின் தடைக்குப் போக, மிச்சத்தில் பெரும்பகுதி பிரேக்கில்தான் சூடாக இறங்குகிறது. இடைவிடாமல் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் அதன் பிடிப்பு தளரக்கூடும், விரல்களும் மரத்துப்போகும். இடையிடையே நின்று, வண்டியையும் கையையும் ஆறவிடுவது நலம். அப்போது பிரேக் தகட்டை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம்!

வீரனும் விழுந்தான்

அனுபவம் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. டோக்கியோ ஒலிம்பிக்கின் மலைச் சைக்கிள் பந்தயம் 2021 ஜூலை 26-ஆம் நாள் நடந்தது. நெதர்லாந்தின் மத்தியூ வான் டெர் பூல் உலகறிந்த வீரர். பாதையில் ஒரு பாறை விளிம்பிலிருந்து கீழே இறங்கவேண்டிய இடம் இருந்தது. பயிற்சியின்போது அங்கே சாய்பலகை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. பந்தயத்தன்று பலகை இல்லை. இருக்கும் என்று எண்ணி இறங்கிய அவர் தலைகுப்புற விழுந்தார்; பின்னர் பந்தயத்திலிருந்தே விலகினார். கால்வலுவும் திறமையும் அவருக்குக் குறைவில்லை. பாதையைப் பற்றிய ஒரே ஒரு தகவல்தான் தவறிப்போயிற்று.

அறியாத பாதையில் முதல் இறக்கம் மெதுவாக இருக்கவேண்டும் என்பதே இதன் பொருள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இறங்கி நடந்து பார்ப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. நேற்றுப் பார்த்த பாதை இன்றைய மழைக்குப் பிறகு வேறு பாதையாகிவிடும். நம் மலைகளில் இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

உடம்பில் எங்கே அடிபடும்?

மலைச் சைக்கிளில் விழுகிறவர்களுக்குப் பெரும்பாலும் நேர்வது சிராய்ப்பும் கன்றிப்போதலும் வெட்டுக்காயமுமே. எலும்பு முறிவென்றால் காறை எலும்பும் மணிக்கட்டும் முன்னணியில் நிற்கும். தோள்மூட்டு பிசகுவதும் உண்டு. அரிதாக நேர்ந்தாலும் அஞ்சவேண்டியவை தலை, கழுத்துத் தண்டு, வயிறு ஆகிய மூன்றிலும் படும் அடி.

முதலில் மணிக்கட்டு. கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டோரம், ஒரு சிறு குழி தோன்றும். அக்குழியின் ஆழத்தில் ஸ்கேபாய்ட் என்ற சின்னஞ்சிறு படகு வடிவ எலும்பு இருக்கிறது. உள்ளங்கையை ஊன்றி விழும்போது முறிவது பலமுறையும் இதுவே. இதற்கு இரத்தம் பெரும்பாலும் விரல்பக்கத்து முனை வழியாகப் புகுந்து பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டுக்கு இரத்தம் குறைந்து, ஒட்டாமல் போகலாம். அத்துண்டு மடிந்தும் போகலாம். வஞ்சகம் என்னவென்றால், வீக்கம் அதிகமிராது. விரல்களை அசைக்க முடியும். முதல் நாள் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலும் இருக்கலாம். அதனால்தான் குழியில் அழுத்தி வலித்தால், எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் மருத்துவர் கட்டுப்போட்டு, பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி படமெடுக்கச் சொல்வார், அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்.

நான் இவை எதையும் செய்யவில்லை. சுளுக்கு என்று எண்ணினேன். வீட்டில் கேட்டபோது, "ஒன்றுமில்லை அம்மா, பஸ்ஸில் கம்பியில் இடித்துக்கொண்டேன்" என்றேன். எண்ணெய் தடவினேன், துணி சுற்றினேன். அப்பாவின் சம்பளத்தில் எனக்கென்று ஒரு செலவு புதிதாக ஏற வேண்டாம் என்று எண்ணியதும் உண்மை. ஐந்து வாரம் கழித்துச் சோதனைச்சாலையில் ஸ்பெக்ட்ரோமீட்டரின் திருகைத் திருப்ப முடியாமல் கை நடுங்கியது. அப்போதுதான் மருத்துவரிடம் போனேன். முறிந்த எலும்பு ஒட்டாமலே இருந்தது. அறுவை செய்து திருகாணி வைத்தார்கள். செய்முறைத் தேர்வை ஆறு மாதம் கழித்தே எழுத முடிந்தது. சிக்கனம் என்று நான் நினைத்தது, அப்பாவுக்குப் பல மடங்கு செலவாய் முடிந்தது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "விழுந்தது தப்பில்லை, மறைச்சதுதான் தப்பு" என்று மட்டும் சொன்னார். இன்றும் அந்தக் கை முழுவதும் மடங்குவதில்லை.

அடுத்து, தலை. தலைக்கவசத்தின் உள்ளே இருப்பது நுரைபோன்ற பாலிஸ்டைரீன். அது நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது. ஒன்றரை மீட்டரிலிருந்து விழும் தலை இரண்டு சென்டிமீட்டர் நசுங்கலில் நின்றால், புவியீர்ப்பைப் போல் சராசரி எழுபத்தைந்து மடங்கு அதிர்ச்சி. அதே தலை வெறும் பாறையில் இரண்டு மூன்று மில்லிமீட்டரில் நின்றால் அது ஐந்நூறு மடங்கையும் தாண்டும். என் கவசத்தின் நுரையில் விரல் நுழையும் அளவு வெடிப்பு இருந்தது. அந்த வெடிப்பு என் மண்டையில் விழவேண்டியது. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மறுபடி பயன்படுத்தக்கூடாது. கவசம் இருந்தாலும் மூளை உள்ளே குலுங்கலாம் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். விழுந்தவர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலும், வாந்தியெடுத்தாலும், தலைவலி கூடினாலும், தூங்கி வழிந்தாலும் உடனே மருத்துவமனைதான். "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று அவரே சொன்னாலும், தலையில் அடிபட்ட அன்று மறுபடி ஓட்ட விடக்கூடாது. அடிபட்ட மூளையே தன்னைத் தான் சோதித்துச் சொல்லும் தீர்ப்பு அது!

ஹாண்டில் பாரின் முனை வயிற்றில் குத்தினால் வெளியே ஒரு சிறு கன்றல்தான் தெரியும். உள்ளே கல்லீரலிலோ மண்ணீரலிலோ இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். சில மணி நேரம் கழித்து வயிற்றுவலியும் மயக்கமும் வந்தாலும் அலட்சியம் கூடாது. ஹாண்டில் முனைகளில் மூடி இல்லாத சைக்கிளை வாங்கவே வேண்டாம்.

சிராய்ப்புகளைச் சுத்தமான ஓடும் நீரிலும் சோப்பிலும் கழுவ வேண்டும். காப்பித்தூள் அப்புவது நம் வீடுகளில் பழக்கம், அதை விட்டுவிடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்பதை நினைவில் வையுங்கள். மழைக்காலச் சேற்றில் விழுந்து காயம்பட்டவருக்குச் சில நாளிலோ இரண்டு மூன்று வாரத்திலோ காய்ச்சலும் தசைவலியும் வந்தால், சேற்றில் விழுந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கேரளத்தில் எலிக்காய்ச்சல் புதிதன்று.

விழுந்தவருக்கு உதவி

விழுந்தவரின் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கிவிடுவதே நம் முதல் ஆவல். அது தவறு. முதலில் மேலிருந்து வரும் மற்றவர்களை நிறுத்துங்கள். கழுத்தோ முதுகோ வலிக்கிறது என்றால், கை கால் மரத்தது என்றால், அவரை அசைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சுக்குத் தடையில்லாதவரை தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். இரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் 108 ஆம்புலன்ஸ் எண். 112 பொது அவசர எண். மலையில் செல்போன் பல இடங்களில் எடுக்காது. ஆகையால் மூவராகச் செல்வது நல்லது: ஒருவர் விழுந்தால் ஒருவர் அருகே இருக்க, மற்றவர் உதவி தேடிப் போகலாம். எந்தப் பாதை, எப்போது திரும்புவோம் என்பதைத் தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். தோட்டப் பாதைக்குத் தோட்டத்தாரிடமும் காட்டுப் பாதைக்கு வனத்துறையிடமும் அனுமதி வேண்டும். காலையும் மாலையும் யானை நடமாடும் நேரம்.

புறப்படுமுன் ஐந்து நிமிடம்

சைக்கிளைச் சமதரையில் நிறுத்தி ஐந்து நிமிடம் செலவிடுங்கள். எந்தக் கை எந்தச் சக்கரத்தை நிறுத்துகிறது? மெல்ல ஓட்டிப் பிடித்துப் பாருங்கள். முன் பிரேக்கை அழுத்தி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹாண்டிலில் தளர்ச்சி தெரிகிறதா? சக்கர ஆக்ஸில்கள் இறுகியிருக்கின்றனவா? டயரில் வெடிப்பு உண்டா? கவசத்தின் வார் தாடையடியில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுகியிருக்கிறதா? கையுறை இருக்கிறதா? நான் அந்த ஐந்து நிமிடத்தைப் புகைப்படம் எடுப்பதில் செலவிட்டேன்.

நண்பர்களே, மலை அழைக்கும்போது போகத்தான் வேண்டும். அதிகாலைப் பனியில் தேயிலைச் சரிவுகளுக்கிடையே இறங்கும்போது ஏற்படும் இன்பத்தை நானும் அனுபவித்தேன், வாய்க்கால் வரும்வரை! சில விபத்துகள் யார் காத்தாலும் நேரும். ஆனால் பல விபத்துகள் சமதரையிலேயே, நாம் கவனிக்காத அந்த ஐந்து நிமிடத்திலேயே முடிவாகிவிடுகின்றன. விழுந்தபின் மறைத்தால், சின்ன விபத்தும் பெரிதாகிறது.

"நீயும் வருகிறாயா?" என்று கேட்டீர்கள் அல்லவா? வருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. மூணாறு போய்ச் சேர்ந்ததும் சைக்கிள்களை முதலில் நான் சோதித்துப் பார்ப்பேன். அதுவரை யாரும் புகைப்படம் எடுக்கலாகாது.